அத்தையின் பாஸ்புக்

வாலாஜாபாத்தில் என் தம்பி வீட்டு அலமாரியில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் அத்தையின் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு நகல், உதவித்தொகை ஆணை, ஓரம் சுருண்ட பாஸ்புக், காகித உறையில் ஒரு ஏடிஎம் கார்டு. உறையின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய நான்கு எண்கள். அத்தை என் அப்பாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை, மாமா போய் நாளாகிவிட்டது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் பணம் வருகிறது. அதை எடுத்து வந்து மருந்துக்கும் பாலுக்கும் செலவழிப்பவள் தம்பி மனைவி. சட்டத்தின் கண்ணில் அவளுக்கும் அந்தக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அத்தைக்கு நினைவு கலைய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. கைரேகை மெஷினோடு வீட்டுக்கு வரும் வங்கி முகவர் ஒருமுறை வந்தபோது அத்தை விரலை வைக்க மறுத்துவிட்டார். “யாரும்மா நீ? எம் பணத்த எதுக்கு எடுக்கற?” என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கேட்டார். அன்றுமுதல் ஏடிஎம் கார்டுதான். கேட்ட கேள்வி மட்டும் நியாயமானது. உறவினர் ஒருவருக்கு அரசு தரும் பணத்தை அவருக்காக நாம் வாங்கிச் செலவழிக்க வேண்டுமென்றால் எந்தக் கணக்கைத் திறப்பது, யார் கையெழுத்துப் போடுவது, யாருக்குக் கணக்குக் காட்டுவது? இந்தக் கேள்வியோடு வங்கி, தபால் நிலையம், தாலுகா ஆபீஸ் என்று அலைந்ததில் எனக்குப் பிடிபட்டது இது: உடம்பு தளர்ந்தவருக்கு நம் விதிகளில் வழி இருக்கிறது, குழந்தைக்கு இருக்கிறது. நினைவு தப்பியவருக்குத்தான் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

1962 ஏப்ரலில், காமராஜர் முதல்வராக இருந்தபோது, இங்கே முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். அது பல்லாண்டுகள் மணியார்டரில் வந்தது. தபால்காரர் வீட்டுக்கு வருவார். படுத்த படுக்கையாகக் கிடந்தால் உள்ளே வந்து, சாட்சி வைத்து, பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டு பணத்தைக் கையில் கொடுப்பார். அந்த ஏற்பாட்டில் கமிஷன் பிடித்தவர்களும் உண்டு, தாமதமும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் அதில் சரியாக இருந்தது: பணம் ஆளைத் தேடி வந்தது, ஆள் உயிரோடும் நினைவோடும் இருக்கிறாரா என்று மாதம் ஒருமுறை ஒரு அரசு ஊழியர் கண்ணால் பார்த்தார். வங்கிக் கணக்குக்கு மாறியதும் ஆள் பணத்தைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. வீட்டுக்கு வரும் முகவர் முறை அதைப் பாதிதான் சரிசெய்தது.

2011இல் 1,000 ரூபாயான தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் திட்டத்துக்குள் வருபவருக்கு டில்லியின் பங்கு 79 வயதுவரை 200 ரூபாய், 80 நிறைந்தால் 500. மிச்சமெல்லாம் மாநிலத்தின் பணம். அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், எங்கள் மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். மேடையில் பெண்களின் கையில் ஏடிஎம் கார்டு கொடுக்கப்பட்டது. பெண்ணின் பணம் பெண்ணின் கணக்கில், அவள் கையில் என்பது அந்தக் காட்சியின் பொருள். நான் அதை முழுதாக மதிக்கிறேன். பிறர் பெயரில் வரும் பணத்தை நாம் கையாள்வதைப் பற்றி எழுதும்போது அந்தக் காட்சியைக் கண்முன்னால் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் ஊரை ஒட்டிய தொழிற்சாலைத் தடத்தில் வேறு வகைப் பணங்களும் வருகின்றன. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலையின்போது உயிர் போனால், இஎஸ்ஐ காப்பீடு உள்ளவரின் குடும்பத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் சார்ந்தோர் உதவியாக வரும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் இரண்டு என்பது அடிப்படைக் கணக்கு. கூட்டினால் முழுத்தொகையைத் தாண்டுமானால் எல்லாப் பங்கும் அதே விகிதத்தில் குறையும். சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கப்பட்டவர் இறந்தால் விதவை ஓய்வூதியம். 2014 செப்டம்பரிலிருந்து அதன் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். பிள்ளைகளுக்கு 25 வயதுவரை தனியாக ஒரு பங்கு. இறந்தவர் வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரானால், அந்தப் பிள்ளை ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ பாட்டியிடம் வளரலாம். 2025 ஜனவரி முதல் பிஎஃப் ஓய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம் என்று ஆனதால், ஆணையைக் கிளைக்குக் கிளை மாற்றும் அலைச்சல் போயிற்று.

இங்கே நேரம் ஒரு பெரிய சிக்கல். விடியலில் கம்பெனி பஸ் ஏறுகிறவர் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து வாலாஜாபாத் வந்து சேர்வதற்குள் வங்கியில் கவுன்ட்டர் மூடும் நேரம் நெருங்கிவிடும். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளமும் போகும், வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும். அப்படி இழப்பதே உதவித்தொகையில் ஒரு நல்ல பங்கு. முறைப்படியான வழி இருக்கும்போதும் ஜனங்கள் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கைமாற்றிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். அறியாமை என்று இதைச் சொல்லிவிடக் கூடாது.

உடம்பு தளர்ந்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்திருப்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட முடியாதவர், வங்கிக்கு வர முடியாதவர், ஆனால் ரேகை வைக்கக்கூடியவர் என்றால் கைப்பெருவிரல் ரேகையோ கால்பெருவிரல் ரேகையோ போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. ரேகைகூட வைக்க முடியாத நிலை என்றால் பணம் எடுக்கும் படிவத்தில் ஏதாவது ஒரு குறி இட்டால் போதும், அதற்கும் அதே இரண்டு சாட்சிகள். பணத்தை வாங்கப் போகிறவர் யார் என்று வாடிக்கையாளரே காட்ட வேண்டும். அந்த ஆளையும் சாட்சிகள் அடையாளம் சொல்லி, அவர் கையெழுத்தையும் வாங்கி வைக்க வேண்டும். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்தவருக்கும், விபத்தில் கையை இழந்த தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

2017 நவம்பரில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே போய் அடிப்படைச் சேவைகளைத் தர வங்கிகள் ஏற்பாடு செய்யவேண்டும் என்றது. கவுன்ட்டரில் கேட்டால் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும் இரண்டு பேர் இருக்கும் கிளையில் ஒருவரை அனுப்ப மேனேஜரால் முடிவதில்லை. ஆனாலும் விதி இருக்கிறது. எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு கேட்கலாம். கேட்க வேண்டும் என்பேன். தபால்காரர் கையிலுள்ள அஞ்சலக வங்கியும் 2018 முதல் இதே வேலையை வீட்டு வாசலில் செய்கிறது. தறியில் உட்கார்ந்து விரல் தேய்ந்த காஞ்சிபுரத்துப் பெரியவர்களுக்குக் கைரேகை விழாததுதான் அதில் வரும் தொல்லை.

அடுத்தது எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை: “ஜாயின்ட் அக்கவுன்ட் போட்டுடுங்க.” நல்ல யோசனைதான், நேரத்தோடு செய்தால். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற வகையில் திறந்தால் இரண்டு பேரில் யாரும் எடுக்கலாம். ‘முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்றால் முதல் பெயருக்கு உரியவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் படிவத்தில் டிக் அடித்துவிட்டு, அவசரத்தில் போய் நின்று திரும்பி வந்தவர்கள் உண்டு. ஓய்வூதியக் கணக்கை அரசு ஓய்வூதியர் தன் கணவன் அல்லது மனைவியோடு கூட்டாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் போனபின் குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கில் தொடரும். முதியோர் உதவித்தொகை அப்படியல்ல. அது அந்த ஒருவருக்கானது. தாலுகா அலுவலகப் பதிவில் எந்தக் கணக்கு எண் இருக்கிறதோ அங்கேதான் போகும். புதுக் கணக்கு திறந்துவிட்டு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் எண்ணை மாற்றாமல் விட்டால் பணம் பழைய கணக்கிலேயே விழுந்துகொண்டிருக்கும்.

ஆதாரை வைத்து அனுப்பப்படும் தொகைகளில் சிக்கல் தலைகீழ். கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கே பணம் போய்விடும். கம்பெனி மாறும்போதெல்லாம் ஒரு சம்பளக் கணக்கு திறக்கப்படும் இந்தத் தடத்தில், வீட்டில் யார் பணம் எந்த வங்கியில் விழுகிறது என்று தெரியாமல் குழம்புவது அன்றாடம். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம். புதிதாக ஒரு கணக்கைத் திறக்கும் முன் அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுவது நல்லது.

எந்த வகைக் கணக்கு என்பதிலும் கவனம் வேண்டும். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. ஜன்தன் என்று 2014 முதல் நமக்குப் பழகியதும் அந்த வகைதான். சாதாரணக் கணக்கில் உரிமைத்தொகை விழுந்ததும் இருப்புக் கட்டணமாகக் கழித்துக்கொண்ட வங்கிகளை 2023இல் தமிழக அரசு வெளிப்படையாகக் கண்டித்தது. வாரிசு நியமனத்தைப் பற்றியும் ஒரு சொல். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நாமினி என்பவருக்கு வேலை ஆள் இறந்த பிறகுதான். “நான்தாங்க நாமினி” என்று சொல்லி உயிரோடிருப்பவரின் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. அந்த நடையில் ஒரு எழுத்தாளர் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. கோயம்புத்தூரில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க, தானே காப்பாளராகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். தந்தையின் கையெழுத்தோடு வாருங்கள், இல்லையென்றால் காப்பாளர் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டம் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்கிறதே என்பது காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1999 பிப்ரவரியில் தீர்ப்பு: ‘பின்’ என்பதற்கு இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, தந்தை இல்லாதபோதும், பொறுப்பெடுக்காதபோதும் தாய் காப்பாளரே. ஒரு சொல்லுக்கு வேறு பொருள் சொல்ல பதினான்கு வருடம் ஆனது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை எந்த வயதுக் குழந்தைக்கும் தாயைக் காப்பாளராக வைத்துக் கணக்கு திறக்கலாம் என்கிறது. பத்து வயது நிறைந்த பிள்ளை, வங்கி விதிக்கும் வரம்புக்குள், தானே கணக்கை நடத்தவும் அனுமதிக்கிறது.

பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு? கொரோனா காலத்தில் அப்படி அனாதையான பிள்ளைகளின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பீடு செய்தது. வளர்க்கும் உறவினருக்கு மாதம் 3,000 ரூபாய் பராமரிப்புக்கென்று தனியே கொடுத்தது. பிள்ளையின் பணம் வேறு, வளர்ப்பவர் கைச்செலவு வேறு என்று பிரித்த அந்த யோசனை அருமையானது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

பதினெட்டு என்ற வயது பெரும்பாலான வீடுகளில் கொண்டாட்டம். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அன்று ஒரு கதவு மூடுகிறது. முந்தின நாள்வரை இயற்கைக் காப்பாளராக இருந்த தாய், மறுநாள் சட்டப்படி யாரோ. மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அந்தப் பிள்ளைக்காக வந்தாலும் கணக்கு நடத்த அவளுக்கு அதிகாரமில்லை. இதற்காகவே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும். மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் அடங்கிய உள்ளூர் நிலைக் குழு காப்பாளரை நியமிக்கும். வக்கீல் வேண்டாம், நீதிமன்றக் கட்டணம் இல்லை. எங்கள் ஊர்க்காரர் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகம் போனால் போதும். அந்தக் குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்கு திறக்கலாம் என்று 2007இல் ரிசர்வ் வங்கியும் எழுதிவிட்டது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பதினாறாம் பிரிவு. காப்பாளராக ஆனவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு என்னென்ன சொத்து, வரவு, கடன் இருக்கிறது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவுசெலவு காட்ட வேண்டும். அதிகாரமும் கணக்கும் ஒரே தாளில் சேர்ந்து வருகின்றன. எந்த ஏற்பாட்டுக்கும் இதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும்.

இனி அத்தை. மறதி நோய் அந்தச் சட்டம் சொல்லும் நான்கு குறைபாடுகளில் இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக நாடு தழுவிய ஆய்வொன்று 2023இல் மதிப்பிட்டது. இவர்களுக்காக ஒருவர் கணக்கு நடத்த என்ன வழி?

பவர் பத்திரம் எழுதி வாங்கலாம் என்பார்கள். எழுதிக் கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்தால் முகவரின் அதிகாரம் அத்தோடு முடிந்தது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. தேவைப்படாத நாளில் செல்லும், தேவைப்படும் நாளில் செல்லாது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் சொத்துக்கு மேலாளரை நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக 2018இல் நடைமுறைக்கு வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளை உயர்த்திப் பிடித்தது. சொத்து நிர்வாகப் பகுதியை அப்படியே விட்டுவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘வரையறுக்கப்பட்ட காப்புரிமை’ என்ற நல்ல கருத்தைச் சொல்கிறது: அவருடைய முடிவுகளுக்குத் துணை நிற்பது, அவரைக் கேட்டுச் செய்வது. ஆனால் அதற்கும் மாவட்ட நீதிமன்றத்தையோ அரசு குறித்த அதிகாரியையோ நாட வேண்டும். 1,200 ரூபாய்க்காக எவர் நீதிமன்றம் போவார்?

பெரிய தொகைக்காகப் போனவர்களின் அனுபவமும் எளிதாயில்லை. கோமாவில் விழுந்த கணவரின் சொத்தை விற்று அவருடைய சிகிச்சைக்குச் செலவழிக்கத் தன்னைக் காப்பாளராக நியமிக்கும்படி ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டார். சிவில் நீதிமன்றம் போகச் சொல்லித் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். 2024 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி.பி. பாலாஜியும் அடங்கிய அமர்வு அதை மாற்றி, அவரைக் காப்பாளராக நியமித்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பீடாகப் போட்டு, வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம் என்றது. கேரள உயர் நீதிமன்றம் 2019இலேயே இத்தகைய குடும்பங்களுக்கு வழிமுறை வகுத்திருந்தது. சட்டம் விட்ட இடைவெளியை நீதிபதிகளின் மனிதநேயம் நிரப்பியது. அதற்கு நன்றி சொல்லலாம், ஆனால் வாலாஜாபாத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமும் உயர் நீதிமன்றம் போய்க்கொண்டிருக்க முடியாது.

வெளிநாட்டு ஏற்பாடுகளில் நமக்கு நெருக்கமாக உதவக்கூடியது அமெரிக்காவுடையது. அங்கே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வாங்குபவருக்கு அதை நிர்வகிக்க முடியாதபோது, அவருக்குப் பதிலாக வாங்கிச் செலவழிக்க உறவினரை அந்த அலுவலகமே நியமிக்கிறது. 1939ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து இந்த முறை இருக்கிறது. நீதிமன்றம் வேண்டாம். பவர் பத்திரத்தை அந்த அலுவலகம் ஏற்பதே இல்லை, அதன் சொந்த நியமனம்தான் செல்லும். வங்கிக் கணக்கின் தலைப்பிலேயே பணம் யாருடையது, நடத்துபவர் யார் என்று தெரிய வேண்டும். நடத்துபவர் தன் பணத்தோடு கலக்கக் கூடாது, செலவுக் குறிப்பு வைத்திருக்க வேண்டும். 2018இல் ஒரு திருத்தம் வந்தது: பிள்ளையோடு சேர்ந்து வாழும் பெற்றோரும், வாழ்க்கைத் துணையும் ஆண்டறிக்கை தரத் தேவையில்லை. குடும்பத்தைச் சந்தேகிக்காமல் பணத்தைக் காப்பது எப்படி என்று எண்பது வருடம் பழகிக் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. சிங்கப்பூரில் நினைவு தெளிவாக இருக்கும்போதே நம்பகமான ஒருவரை எழுதி வைத்து, நினைவு தப்பிய பின்னும் செல்லும்படியான பத்திரம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வாழும் தமிழர்களுக்குக் கிடைப்பது இங்கே அவர்களைப் பெற்றவர்களுக்கு இல்லை.

இங்கே என்ன செய்யலாம் என்பதில் எனக்கு ஒரு தெளிவு இருக்கிறது. உதவித்தொகையை அனுமதிக்கும் தனி வட்டாட்சியரே, மருத்துவர் சான்றும் கிராம நிர்வாக அலுவலர் விசாரணையும் வைத்து, ‘இன்னாருக்காக இன்னார் வாங்கலாம்’ என்று ஓராண்டுக்கு ஓர் ஆணை தரலாம். அந்த ஆணைக்கு அடிப்படைக் கணக்கு ஒன்று, அந்த உதவித்தொகை மட்டும் விழுவதாக. கடனுக்கு ஈடுகட்ட முடியாததாக. பெரியவரை நேரில் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். தேசிய அறக்கட்டளைக் குழுவின் வரம்பில் மறதி நோயையும் சேர்த்தால் நிலம், வீடு போன்ற பெரிய விஷயங்களும் அங்கே தீரும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். ஆணை ஒன்று கையில் வந்துவிட்டால், தெளிவாக இருக்கும் கிழவியையும் பைத்தியம் என்று எழுதி வாங்கிப் பணத்தைப் பறிக்க மாட்டார்களா? பறிப்பார்கள். மகன் குடிக்க எடுத்துக்கொண்டு போகும் முதியோர் பணம் எத்தனை என்று எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு, தன் பண விவகாரங்களைத் தானே நடத்தும் உரிமை அவருக்கு உண்டு என்றும், துணை நிற்பவருக்கு அதில் சொந்த ஆதாயம் இருந்தால் விலகி நிற்க வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான். ஆனால் பறிப்பவனுக்கு இன்று ஆணை தேவையில்லை. உறைமேல் எழுதிய நான்கு எண்கள் அவனுக்குப் போதும். ஆணை இல்லாததால் தவிப்பது நேர்மையாக நடப்பவள்தான். அவள்தான் ஏடிஎம் வாசலில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து நிற்கிறாள்.

பெற்றோருக்கு லேசாக மறதி தட்டுகிறது என்று தெரிந்த வாரமே கூட்டுக் கணக்கு, நியமனம், ஆதார் இணைப்பு, தாலுகா பதிவு நான்கையும் முடித்துவிடுங்கள். அவர் கையெழுத்துச் செல்லும் காலம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. எங்கள் வீட்டில் அதைத் தவறவிட்டோம்.

தம்பி மனைவி ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். மஞ்சப்பைக்கு அடியில் இருக்கும். தேதி, எடுத்த தொகை, மாத்திரை, ஹார்லிக்ஸ், வேஷ்டித் துணி கிழித்துத் தைத்த விரிப்பு, முடி வெட்டியவருக்கு 50 ரூபாய். மாதக் கடைசியில் மிச்சம் எழுதி அடியில் கோடு. யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். “யாரும் சொல்லல மாமா. அத்தைக்குத் திடீர்னு தெளிஞ்சு கேட்டா என்ன சொல்லுவேன்?” என்றாள். நான்கு வருடக் கணக்கு அதில் இருக்கிறது. வங்கியோ தாலுகா ஆபீஸோ இதுவரை அந்த நோட்டைக் கேட்டதில்லை.